என் கன்டெய்னரை மட்டும் ஏன் திறக்கிறார்கள்? – கஸ்டம்ஸ் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "ஊரே போகிறது, எங்களை மட்டும் நிறுத்துகிறார்கள்." பதில் சொல்லும் முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் அதிகாரி அல்ல, வியாபாரிகளுக்காகச் சுங்கக் காகிதங்களைப் போட்டுச் சரக்கை எடுத்துக் கொடுக்கும் கஸ்டம்ஸ் புரோக்கர். பழைய ஆட்கள் கிளியரிங் ஏஜென்ட் என்பார்கள். தூத்துக்குடியில் டாக் கிளார்க்காக வெயிலில் நின்று, அப்புறம் பரீட்சை எழுதி, புரோக்கர் தொழிலுக்கான எஃப்-கார்டு வாங்கியவன். குடும்பம் மதுரையில், பிழைப்பு துறைமுகத்தில். அதிகாரிகளிடமும் வியாபாரிகளிடமும் மாறி மாறித் திட்டு வாங்குவது எங்கள் தொழிலில் ஒரு பகுதி. அதனால் யாருக்கும் பரிந்து பேச வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஃபேன்சி பொருள் மொத்த வியாபாரம் செய்கிறேன். பிறந்தநாள் அலங்காரச் சாமான், கீ செயின், ஸ்டேஷனரி என்று சீனாவிலிருந்து தூத்துக்குடி வழியாக இறக்குகிறேன். வருகிற கன்டெய்னரை எல்லாம் பிரித்துப் பார்க்கிறார்கள். என் மைத்துனர் கப்பலூரில் எந்திர உதிரிபாகம் இறக்குகிறார், அவர் பெட்டி சீல் உடையாமல் கோடவுனுக்குப் போகிறது. டாக்கில் 'கவனித்தால்'தான் விடுவார்களா?
– மதுரை வாசகர்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்பதை டாக்கில் நிற்கும் அதிகாரி முடிவு செய்வதில்லை. உங்கள் ஏஜென்ட் ஐஸ்கேட் என்ற சுங்கத்துறை இணையதளத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தைப் போட்டதும், ஆர்.எம்.எஸ் என்கிற இடர் மேலாண்மைக் கணினி அமைப்பு அதைப் படிக்கிறது. 2005 கடைசியில் மும்பை விமானச் சரக்கு நிலையத்தில் ஆரம்பித்து, படிப்படியாக மற்றத் துறைமுகங்களுக்கும் வந்தது. ஏற்றுமதிக்கு 2013இல் கொண்டுவந்தார்கள்.

அது என்ன பார்க்கிறது? இறக்குபவர் யார், எத்தனை நாளாகத் தொழிலில் இருக்கிறார், முன்பு பிடிபட்டிருக்கிறாரா, பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். எண் என்ன, எந்த நாட்டிலிருந்து வருகிறது, அனுப்புபவர் யார், அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு இறக்குகிறார்கள், சலுகைத் தீர்வை கேட்டிருக்கிறாரா. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு வழியைச் சொல்லும். சில பில்களுக்குத் தீர்வை கட்டியதும் நேராக அவுட் ஆஃப் சார்ஜ் என்ற விடுவிப்பு உத்தரவு வந்துவிடும். சிலவற்றை ஒரு அதிகாரி காகிதத்தில் மட்டும் பார்ப்பார். முகமில்லா மதிப்பீடு நாடு முழுக்க வந்த 2020 அக்டோபருக்குப் பிறகு அந்த அதிகாரி தூத்துக்குடியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வேறு ஊரிலும் இருப்பார். சிலவற்றுக்கு ஸ்கேன், சிலவற்றுக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும் எக்ஸாமினேஷன். இதெல்லாம் போக, எந்தக் காரணமும் இல்லாமல் குலுக்கலில் விழுவதும் உண்டு. நல்ல பெயர் எடுத்தவர்களும் அதில் மாட்டுவார்கள். மாட்ட வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் நல்ல பெயரை வாடகைக்கு விட ஆரம்பித்துவிடுவார்கள்.

கணினி விட்டுவிட்ட பெட்டியை உள்ளூர் அதிகாரி திறக்கவே முடியாதா என்றால், முடியும். காரணத்தை எழுதி வைத்து, கமிஷனர் மட்டத்திலோ அவர் அதிகாரம் கொடுத்த கூடுதல் அல்லது இணைக் கமிஷனரிடமோ அனுமதி வாங்க வேண்டும். 'கவனிப்பு' எதிர்பார்க்கும் ஆளே கிடையாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் கொடுக்கிற காசு கணினி போட்ட எக்ஸாமினேஷன் உத்தரவை அழிக்காது. "நான் பேசிக்கொள்கிறேன் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் அந்தக் காசு எங்கே போகிறது என்று யோசியுங்கள்.

இப்போது மைத்துனர் விஷயம். அவர் வருஷக்கணக்காக ஒரே ஆளிடம் ஒரே பொருள் வாங்குகிறார். விலையில் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது, பில்லில் நாலு வரிதான் இருக்கும். நீங்கள் இறக்குவது மிக்ஸட் சரக்கு. ஒரு பெட்டியில் நூறு ஐட்டம், ஒவ்வொரு தடவையும் புது சப்ளையர். போதாக்குறைக்கு, உங்கள் சரக்குக்குப் பக்கத்து வீடு பொம்மை. பொம்மைக்கான அடிப்படைத் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ் தர முத்திரை இல்லாத பொம்மையை இறக்கவும் முடியாது. அதனால் என்ன ஆயிற்று? பொம்மையை 'அலங்காரப் பொருள்', 'கிஃப்ட் ஐட்டம்' என்று எழுதி இறக்குகிற கூட்டம் ஒன்று கிளம்பியது. நீங்கள் அப்படிச் செய்யாதவராக இருக்கலாம். ஆனால் உங்கள் பில்லில் இருக்கும் சொற்களும் அவர்கள் பில்லில் இருக்கும் சொற்களும் ஒன்று. கணினிக்கு உங்கள் முகம் தெரியாது.

கொட்டைப்பாக்கிலும் இதே கதை. கிலோ 351 ரூபாய்க்குக் குறைந்து இறக்கக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் விலை வரம்பை உயர்த்தினார்கள். அதற்குக் கீழே வாங்கியவர்கள் பாக்கை வேறு பொருளின் பெயரில் ஒளிக்கப் பார்த்தார்கள். வரியோ வரம்போ எங்கே ஏறுகிறதோ, அதன் அக்கம்பக்கத்துப் பொருள்களுக்கு எல்லாம் சோதனை ஏறும். இதை முன்கூட்டியே கணித்து வியாபாரம் செய்பவர்தான் பிழைக்கிறார்.

ஒருமுறை நீங்களே சி.எஃப்.எஸ் என்ற கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்கு வந்து பாருங்கள். முதலில் சீல் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிடுவார்கள். அப்புறம் போல்ட் கட்டரால் சீலை வெட்டிக் கதவைத் திறப்பார்கள். பேக்கிங் லிஸ்ட்டில் "கார்ட்டன் 1 முதல் 40: பலூன், ஃபாயில், 12 அங்குலம், 41 முதல் 65: கீ செயின், உலோகம்" என்று இருந்து, கார்ட்டன் மேலேயும் அதே எண் ஒட்டியிருந்தால், கை வைக்கிற இடத்தில் ஐந்தாறு கார்ட்டனை இறக்கி டேப்பைக் கிழித்துப் பார்த்து முடித்துவிடலாம். உங்கள் லிஸ்ட்டைக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள், பார்த்தேன். "அஸார்ட்டட் கிஃப்ட் ஐட்டம்ஸ், 420 கார்ட்டன்" என்று ஒற்றை வரி. இதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதற்கும் டிக் போட முடியாது. முழுப் பெட்டியையும் தரையில் இறக்கச் சொல்வார். இறக்க, ஏற்ற கூலி, இடத்துக்கு வாடகை, கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்குக் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில்.

செய்ய வேண்டியது: சப்ளையரைக் குறையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி, தனி எச்.எஸ். எண், எதனால் செய்தது, எத்தனை, என்ன பிராண்ட் என்று சப்ளையரிடமே எழுதி வாங்குங்கள். பணம் வங்கி வழியாகப் போன ரசீது, விலைப்பட்டியல், பேரம் பேசிய மெயில் எல்லாம் ஃபைலில் இருக்கட்டும். பில் ஆஃப் என்ட்ரியை சீனச் சரக்குக்குக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட்டாக வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000, அதற்கு மேல் தினம் 10,000 ரூபாய். கடைசி நேரத்தில் அவசரமாகப் போட்ட பில்லில் பிழையும் அதிகம், பிழை திருத்தப் போனால் கூடுதல் கண்கள் விழும்.

உடனே பலன் கிடைக்குமா? கிடைக்காது. புதிதாகக் குடிவந்தவருக்கு முதல் மாதமே கடன் புத்தகம் போட்டுத் தருகிற மளிகைக்கடை எங்கே இருக்கிறது? சுத்தமான பில்கள் வரிசையாக விழுந்தால் தானாகக் குறையும்.

மைத்துனரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். திறக்கவில்லை என்றால் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. 2011லிருந்து சுயமதிப்பீடுதான், அவர் எழுதியதற்கு அவரே பொறுப்பு. சரக்கு போன பிறகும் ஆடிட் வரும். தீர்வை குறைவாகக் கட்டியிருந்தால் சாதாரணமாக இரண்டு வருஷத்துக்குள்ளும், மறைத்தார் என்று சொன்னால் ஐந்து வருஷத்துக்குள்ளும் நோட்டீஸ் வரலாம். எனக்குத் தெரிந்து வியாபாரிகளைச் சாய்த்தது டாக் சோதனை அல்ல, நாலு வருஷம் கழித்து வட்டியோடு வந்த காகிதம்தான்.

கேள்வி: நம்பகமான வியாபாரிக்குச் சுங்கத்துறை தரும் ஏ.ஈ.ஓ சான்று வாங்கினால் சோதனையே இருக்காது என்று ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். பெரிய தொகை கேட்கிறார். வாங்கலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: சான்று நல்லது, கன்சல்டன்ட் சொல்வது பொய். சோதனை குறையும், இல்லாமல் போகாது. அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. முதல் படியான டி1க்கு ஒரு வருஷத்தில் குறைந்தது 25 பில்கள் போட்டிருக்க வேண்டும், சிறுதொழில் என்றால் 10 போதும். கணக்கு வழக்கு ஒழுங்காக இருந்தால் உங்கள் ஆடிட்டரும் ஏஜென்ட்டும் உட்கார்ந்து ஆன்லைனிலேயே விண்ணப்பித்துவிடலாம். ஒழுங்காக இல்லையென்றால் எந்த கன்சல்டன்ட்டாலும் முடியாது.

கேள்வி: பெரும்பாலான பெட்டிகளைத் திறக்காமலே விடுகிறார்கள் என்றால் கடத்தல்காரனுக்குக் கொண்டாட்டம்தானே? எல்லாவற்றையும் திறந்து பார்த்தால் என்ன?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: எல்லாவற்றையும் திறந்த காலத்தைப் பார்த்தவன் நான். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றால் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. கதவுப் பக்கத்து இரண்டு வரிசையைத் தொட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடத்துபவனும் அது தெரிந்து உள் வரிசையில் வைத்தான். பத்துப் பெட்டியை முழுசாகப் பிரிப்பது நூறு பெட்டியை மேலோட்டமாகத் தடவுவதைவிட மேல். உலகம் முழுக்க இப்போது இந்த வழிதான். 2017இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதி ஒப்பந்தத்திலும் இது ஒரு கடமையாகவே இருக்கிறது, இந்தியாவும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால் ராமநாதபுரத்துக்காரர் நீங்கள் கேட்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கணினி காகிதம் போடுபவனைத்தான் பார்க்கும். மண்டபம், வேதாளை பக்கம் ராத்திரி கரையேறுகிற படகுக்குப் பில் ஆஃப் என்ட்ரி கிடையாது. கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001லிருந்து இங்கே பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இலங்கையில் லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கலாம். நடுவில் இருக்கிற கடலோ குறுகியது. இங்கிருந்து அட்டையும் பீடி இலையும் மஞ்சளும் போகின்றன, அங்கிருந்து தங்கம் வருகிறது. துரத்தினால் தங்கத்தைக் கடலில் போட்டுவிட்டு ஓடுவார்கள், பிறகு முக்குளிப்பவர்களை இறக்கித் தேடி எடுத்த சம்பவங்கள் பேப்பரில் வந்திருக்கின்றன. அங்கே வேலை செய்வது ரோந்தும் துப்பும். துப்புக் கொடுத்தவருக்குப் பிடிபட்ட மதிப்பில் 20 சதவீதம் வரை வெகுமதி கொடுக்க விதி இருக்கிறது, பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், துறைமுகத்துக்குக் கணினி எவ்வளவு வாங்கிக் கொடுத்தாலும் சரி, கரைக்கு ஆள்தான் வேண்டும்.

கேள்வி: மகள் துபாயில் இருக்கிறாள். பேறுகாலத்துக்கு மூன்று மாதம் போகிறேன். கழுத்திலும் கையிலுமாகப் பதினைந்து பவுன் போட்டிருப்பேன். திரும்பி மதுரையில் இறங்கும்போது பிடித்துக்கொள்வார்களா? மகள் அவள் தம்பி கல்யாணத்துக்கு ஒரு செயின் வாங்கித் தருகிறேன் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு சின்ன பார்சல் வாங்கி வரச் சொல்கிறார்.
– மேலூர் வாசகி

பதில்: அம்மா, மூன்றும் மூன்று விதமான கேள்வி.

உங்கள் சொந்த நகைக்குப் போகும்போதே வேலையை முடித்துவிடுங்கள். பெருங்குடி விமான நிலையத்தில் புறப்படும் பக்கம் இருக்கிற கஸ்டம்ஸ் அதிகாரியிடம் நகையைக் காட்டி, ஏற்றுமதிச் சான்று வேண்டும் என்று கேளுங்கள். இரட்டை வடச் சங்கிலி, இத்தனை கிராம், வளையல் நாலு, இத்தனை கிராம் என்று விவரம் எழுதி முத்திரை போட்டுத் தருவார்கள். திரும்பி வரும்போது அதைக் காட்டினால் பேச்சே முடிந்தது. நகைக்கடை ரசீதும், மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த சீட்டும், நகை போட்டிருக்கிற படமும் கையில் இருந்தால் சான்று சீக்கிரம் கிடைக்கும். வழக்கமாகப் போவதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வழியனுப்ப வருபவர்கள் "இதெல்லாம் எதுக்கு, தாலியையா கேட்கப் போறான்" என்பார்கள். அவர்கள் கூட விமானம் ஏறப் போவதில்லை. நகை கொஞ்சத்தை மேலூர் வங்கி லாக்கரில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நிம்மதி.

மகள் வாங்கித் தரும் செயினை நீங்கள் கொண்டுவருவது லாபமில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் நகைச் சலுகை: பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம். ஆறு மாதமாவது தங்கியவர்கள் அதற்கு மேலும் தங்கத்தைச் சலுகைத் தீர்வை கட்டி எடுத்து வரலாம். நீங்கள் மூன்று மாதம்தான் தங்குகிறீர்கள், இரண்டிலும் வர மாட்டீர்கள். கல்யாணத்துக்கு மகள் வரும்போது அவளே போட்டுக்கொண்டு வரட்டும், ஐந்து பவுன் வரை அவளுடைய 40 கிராமில் அடங்கிவிடும். இந்த வரம்புகளும் தீர்வையும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுபவை. தங்கத் தீர்வையே 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 6க்கு இறங்கியது. அதனால் டிக்கெட் போடும் வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பார்சல் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் தங்கமானவராகவே இருக்கலாம், பார்சலில் தங்கம் இருக்கக் கூடாது. ஜூஸ் மிக்சர் மோட்டாருக்குள்ளும், பேஸ்ட்டாக்கி பனியன் தையலுக்குள்ளும் வைத்து அனுப்புகிற காலம் இது. சட்டம் பையை யார் கையில் பார்க்கிறதோ அவரைத்தான் கேட்கும். "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்க நீங்கள் மேலூருக்கும் மதுரை கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். விமானம் தரை இறங்குவதற்கு முன்பே பயணிகள் பட்டியல் கஸ்டம்ஸுக்கு வந்துவிடும். மாதம் தவறாமல் போய் மறுநாளே திரும்புகிற, கடத்தல் சரக்கு சுமக்கும் குருவிகளை அதில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பேரனைப் பார்க்கப் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பும் அம்மாவை யாரும் தேட மாட்டார்கள். அப்படியும் ஏதாவது சந்தேகம் இருந்தால் பச்சை வழியில் போகாமல் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்ன பொருளுக்குத் தீர்வை கட்டிவிட்டு வெளியே வரலாம், மறைத்த பொருள்தான் பறிபோகும்.

கேள்வி: மல்லிகை ஏற்றுமதி செய்கிறேன். ராத்திரி பறித்த பூ காலையில் விமானம் ஏறியாக வேண்டும். பூவில் என்ன கடத்தல்? அதையும் ஏன் நிறுத்துகிறார்கள்?
– அவனியாபுரம் வாசகர்

பதில்: பூவில் கடத்தல் இல்லை, பூவுக்கு அடியில் இருக்கலாம். அழுகும் சரக்கை யாரும் நிறுத்தத் தயங்குவார்கள் என்பதே போதைப்பொருள் கடத்துபவனுக்கு வசதி. உங்கள் மீது சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம், அந்தப் பெயரில் எவனாவது கைவைத்துவிடாமல் பார்ப்பதும் உங்களுக்கு நல்லதுதான்.

நேரம் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. மாட்டுத்தாவணியில் எடை போட்ட பிறகுதான் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிப் படிவம்) என்று காத்திருக்காதீர்கள். பில்லையும் பயிர்ப் பாதுகாப்புச் சான்றுக்கான விண்ணப்பத்தையும் முந்தியே தயார் செய்துவிடலாம். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே மாதிரி அடுக்கு என்று இருந்தால் ஸ்கேனரில் ஒரே படம் வரும். ஒன்றில் ஐஸ் ஜெல் நாலு, இன்னொன்றில் ஆறு என்று இருந்தால் படம் வித்தியாசப்படும், அந்தப் பெட்டியைத்தான் பிரிப்பார்கள். பிரித்தால் திரும்ப அடுக்க உங்கள் ஆள் ஒருவர் டேப்பும் கத்தரியுமாக அங்கேயே நிற்கட்டும். லோடர் அடுக்கினால் பூ கசங்கும். சரக்கை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் வேன் டிரைவரையும் அடிக்கடி மாற்றாதீர்கள், பெட்டி பூட்டிய பிறகு வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

கேள்வி: "கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மாத்திரை இருக்கிறது" என்று வீடியோ காலில் யூனிஃபார்ம் போட்ட ஒருவர் மிரட்டினார். என் அப்பா பயந்துபோய்ப் பணம் அனுப்பப் பார்த்தார்.
– கே.கே.நகர் வாசகி

பதில்: மோசடி. கஸ்டம்ஸ் வீடியோ காலில் கைது செய்யாது, தனி ஆள் கணக்கில் பணம் போடச் சொல்லாது. 2019 நவம்பரிலிருந்து சுங்கத்துறை அனுப்பும் நோட்டீஸ், சம்மன் எதிலும் டி.ஐ.என் என்ற ஆவண எண் இருக்க வேண்டும், அதை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். அடுத்த முறை வந்தால் போனை வைத்துவிட்டு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் போயிருந்தாலும் உடனே அழைத்தால் முடக்க வாய்ப்பு உண்டு. அப்பாவைத் திட்டாதீர்கள், படித்தவர்களே ஏமாறுகிறார்கள்.

கேள்வி: கஸ்டம்ஸில் வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும்?
– உசிலம்பட்டி மாணவர்

பதில்: ஏதாவது ஒரு டிகிரி போதும் தம்பி. மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல் தேர்வை எழுதுங்கள். எக்ஸாமினர், பிரிவென்டிவ் ஆபீசர் என்ற இரண்டும் கஸ்டம்ஸ் பதவிகள். முன்னது சரக்கைப் பார்க்கிற வேலை, பின்னது ரோந்து, விமான நிலையம், கடற்கரை. உயரம், மார்பளவு விதியும் நடைத் தேர்வும் உண்டு, அறிவிப்பில் அதைப் படித்துவிட்டு விருப்ப வரிசையை நிரப்புங்கள்.